குளிர்கடலில் முங்க ஒரு சட்டை: தப்பாக வாங்கியதும் சரியாக வாங்கியதும்

கடலில் குளிர் என்றால் என்னவென்று எனக்கு முதலில் காட்டியது அயர்லாந்து இல்லை, கேரளத்துக் கோவளம். சொன்னால் சிரிக்கிறார்கள். நம் பக்கத்துக் கடல் ஆண்டு முழுக்க 28, 29 டிகிரியிலேயே கிடக்கும் என்றுதான் பலருக்கும் நினைப்பு. சிப்பி எடுக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கிவிட்டால் காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் ஏறி வரும். கன்னியாகுமரி முனையிலிருந்து விழிஞ்ஞம், கொல்லம் தாண்டியும் ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தக் கூத்துதான்.

மழை ஓய்ந்து டைவிங் தொடங்கிய முதல் வாரம் கோவளத்தில் இறங்கினேன். மேலே 26 டிகிரி. பன்னிரண்டு மீட்டரில் தண்ணீர் கண்ணாடி உருகியது போல நெளிந்து தெரிந்தது. அதற்குள் காலை நீட்டினால் யாரோ ஐஸ் பெட்டியைத் திறந்துவிட்ட மாதிரி. டைவ் கம்ப்யூட்டரில் 22. நான் போட்டிருந்தது 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள அரைக்கால் வெட்சூட், அதாவது உடம்போடு ஒட்டிக் கிடக்கிற ரப்பர் உடுப்பு. இருபத்தைந்தாவது நிமிடம் பல் கிட்டி, சிலிண்டர் காற்றை வாய்க்குத் தருகிற ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டே மேலே வந்தேன்.

அன்று சாயங்காலம் மாமாவிடம் சொன்னேன். எங்கள் வீடு நீரோடியில், தமிழ்நாட்டின் கடைசிக் கடற்கரை ஊர். மாமா வீடு அடுத்த ஊர் பொழியூர், அது கேரளம். ரேஷன் கார்டுதான் வேறு, மீனும் பேச்சும் ஒன்று. நாற்பது வருடம் முங்கிச் சிப்பி எடுத்தவர். அவரிடம் இருப்பது ஒரு மாஸ்க், ஒரு உளி, இடுப்பில் கட்டுகிற வலைப்பை. குளிர் நாளில் முழுக்கைச் சட்டை இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, கால்சட்டைக்குள் திணித்து, இடுப்பில் கயிறு கட்டி இறுக்குவார். பாறையில் உரசாமல் இருக்கத்தான் இது என்று நான் நினைத்திருந்தேன்.

“உரசலுக்கு ஒரு சட்டை போரும். மத்தது குளிருக்கு. நிக்க வெள்ளம் சூடாவும் மக்கா, ஓடுத வெள்ளம் சூட்டைக் களவாண்டுட்டுப் போவும்” என்றார். எங்கள் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர்.

சரி, சரி என்று கேட்டுக்கொண்டேன். புத்தியில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அடுத்த வருடம் பணமும் மானமும் மிஞ்சியிருக்கும்.

அக்கா கால்வேயில் நர்ஸ். ஒரு ஆகஸ்டில் என்னைக் கூப்பிட்டாள். அயர்லாந்தின் மேற்குக் கரையில் கில்லரி என்று ஓர் இடம் இருக்கிறது. மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே வந்து கிடக்கும். வடகரை மேயோ மாவட்டம், தென்கரை கால்வே மாவட்டம். அங்கேயும் எல்லைதான், அங்கேயும் சிப்பிதான். ஆனால் அவர்கள் பாறையில் உளி வைப்பதில்லை, கடலில் கயிறு தொங்கவிட்டு அதில் சிப்பி வளர்க்கிறார்கள். அங்கே டைவ் செய்வது என்று முடிவு செய்துவிட்டேன். தண்ணீர் 14 டிகிரி இருக்கும் என்றார்கள்.

வெப்பநிலைக்கு ஏற்ற தடிமன் பற்றி ஏகதேசமாக ஒரு கணக்கு உண்டு. 27க்கு மேலே என்றால் மெல்லிய சட்டையோ அரைக்கால் சூட்டோ போதும். 24 வரை 3 மில்லிமீட்டர் முழு சூட். 20 வரை 5. அதற்குக் கீழே 12 வரைக்கும் 7, கூடவே ஹூட் என்கிற ரப்பர் தலையுறை, கையுறை, பூட்ஸ். அதற்கும் கீழே, தண்ணீரே உள்ளே புகாத ட்ரைசூட்டுக்குப் போய்விடுவது உத்தமம். இந்தக் கணக்கு தப்பில்லை. இதை மட்டும் பார்த்து வாங்குவதுதான் தப்பு. நான் அதைத்தான் செய்தேன். வெளிநாட்டிலிருந்து திரும்பிய ஒருவர் 7 மில்லிமீட்டர் சூட்டைப் பாதி விலைக்குக் கொடுத்தார். அளவு லார்ஜ். என் உயரம் 168 சென்டிமீட்டர், எடை 74 கிலோ. அளவு அட்டையில் எடைக்கு லார்ஜ் சரி, உயரத்துக்கு மீடியம் சரி. பெரியதாக இருந்தால் நல்லதுதானே, மூச்சு முட்டாது என்று வாங்கிக்கொண்டேன். கூடவே கழுத்தோடு முடிகிற 3 மில்லிமீட்டர் ஹூட் ஒன்றை ‘இதுவும் வச்சுக்கோங்க’ என்று தந்தார்.

வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஜூலை மதியம், அடுக்களையில் அம்மா மரச்சீனி அவித்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிடம் மல்லுக்கட்டி உள்ளே நுழைந்ததும் முதுகு ஜிப்பு பாதியில் நின்றுவிட்டது. வியர்வை ஊற்றுகிறது, தலை சுற்றுகிறது, அம்மா ஜெபம் சொல்லத் தொடங்கிவிட்டாள். எதிர்வீட்டுப் பையன் வந்து ஜிப்பை இழுத்துவிட்டபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். கனமான வெட்சூட்டை நம் ஊர் வெயிலில் ஐந்து நிமிடத்துக்கு மேல் போட்டு நிற்காதீர்கள். வேடிக்கையாகச் சொல்கிறேனே தவிர, உடம்புச் சூடு வெளியேற வழி இல்லாமல் மயங்கி விழுந்தவர்கள் உண்டு. போட்டுப் பார்ப்பதென்றால் ஏசி அறையில், பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு பாருங்கள்.

அந்த அவஸ்தையில் கவனிக்க வேண்டியதைக் கவனிக்கவே இல்லை. இடுப்புக்கு மேலே முதுகுக் குழிவில் என் உள்ளங்கை தாராளமாகப் போகிற அளவு இடைவெளி. அக்குளில் சுருக்கம். கழுத்தில் இரண்டு விரல் நுழையும். கணுக்காலில் துணி மடிந்து கிடந்தது. இறுக்கமாக இருந்ததெல்லாம் தொடையும் வயிறும் மட்டும்தான்.

கில்லரியில் கரையிலிருந்தே இறங்கினோம். முட்டி வரை நன்றாக இருந்தது. இடுப்பு வந்ததும் முதுகுக் குழிவுக்குள் தண்ணீர் ஒரே வீச்சில் ஏறியது. மூச்சு என் பேச்சைக் கேட்கவில்லை, அதுபாட்டுக்கு விக்கி விக்கி இழுத்தது. குளிர்ந்த தண்ணீரில் முதல் ஓரிரு நிமிடம் யாருக்கும் இப்படித்தான் ஆகும். ரெகுலேட்டரை வாயில் வைத்து, முகத்தை நனைத்து, மூச்சு சீராகும்வரை மேலேயே மிதந்து நிற்க வேண்டும். கூட வந்தவர் நிற்க வைத்தார். அவர் இல்லாவிட்டால் நான் அவசரப்பட்டு இறங்கியிருப்பேன்.

கீழே போனபோது பிரச்சினைகள் வரிசையாக வந்தன. கையைக் காலை அசைக்கும் ஒவ்வொரு முறையும் கழுத்து வழியே புதுத் தண்ணீர் முதுகில் ஓடியது. ஹூட்டின் விளிம்பு மாஸ்க்கின் சிலிக்கான் பாவாடைக்கு (முகத்தில் ஒட்டி உட்காரும் விளிம்பு) அடியில் மாட்டிக்கொண்டதால் மாஸ்க்குள்ளும் தண்ணீர். நெற்றிப்பொட்டில் ஐஸ்கிரீமை வேகமாக விழுங்கினால் வருகிற அந்த வலி. ஆறு மீட்டரில் இடது காது குத்தத் தொடங்கியது. மூக்கைப் பிடித்து ஊதினால் வலி கூடியது. 22 நிமிடத்தில் விரல்கள் ஜிப்பைக்கூடப் பிடிக்க மறுக்க, மேலே வந்துவிட்டோம்.

ஏழு மில்லிமீட்டர் ரப்பர் உடம்பைச் சுற்றி இருந்தும், கோவளத்தில் அரைக்கால் சூட்டில் நடுங்கியதைவிட அதிகமாக நடுங்கினேன். காரில் உட்கார்ந்து அக்கா ஃப்ளாஸ்க்கில் கொடுத்துவிட்ட கட்டன் சாயாவைக் குடிக்கும்போதுதான் மாமா சொன்னது காதில் விழுந்தது. ஓடுத வெள்ளம்.

வெட்சூட்டின் சூட்சுமம் முழுக்க அதுதான். நியோப்ரீன் என்பது உள்ளே லட்சக்கணக்கான மூடிய வாயுக் குமிழ்கள் கொண்ட ரப்பர் நுரை. குளிரைத் தடுப்பது அந்தக் குமிழ்கள். 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஹ்யூ ப்ராட்னர் என்ற இயற்பியலாளர் வெட்சூட்டை உருவாக்கியபோது பிடித்த நுனி இதுதான்: துணிக்குள்ளேயே வாயு இருந்தால், ஆள் நனைந்தாலும் பரவாயில்லை. உள்ளே நுழைகிற மெல்லிய தண்ணீர்ப் படலம் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி அங்கேயே நிற்கும். நிற்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். நிமிடத்துக்கு நாலுமுறை அந்தப் படலம் மாறினால், 7 என்ன, 10 மில்லிமீட்டர் போட்டும் பயனில்லை. உடம்போடு ஒட்டிய 5 மில்லிமீட்டர் சூட், தொளதொள என்று கிடக்கிற 7ஐத் தோற்கடிக்கும். என் முதுகு அதற்குச் சாட்சி.

மறுநாள் அங்கிருந்த டைவ் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் சூட்டை வாங்கி, துணியை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். பழைய நியோப்ரீனில் குமிழ்கள் அமுங்கிப் போயிருக்கும். புதியது ஸ்பாஞ்சு போல எழும்பி வரும், பழையது தோசைக்கல்லில் விட்ட அடை மாதிரி சப்பையாகவே கிடக்கும். 7 என்று அச்சடித்திருந்தாலும் என்னுடையது பல இடங்களில் 5 கூடத் தேறாது. அடுத்து தையலைக் காட்டினார். துணியின் இரு பக்கமும் நூல் தெரிகிற தட்டைத் தையலில் ஒவ்வொரு ஊசித்துளையும் ஒரு ஓட்டை. வெதுவெதுப்பான கடலுக்கு அது போதும். குளிருக்கு, விளிம்புகளைப் பசை போட்டு ஒட்டி, ஊசி முழுக்கத் துளைக்காமல் பாதி ஆழத்திலேயே திரும்புகிற தையல் வேண்டும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் ஊசிப்பொட்டு தெரியக் கூடாது.

பிறகு ஐந்து சூட் போட்டுக் கழற்றினேன். அலுப்பான வேலை, ஆனால் ஒரு மணி நேரத்துக்குக் குறைத்து முடிக்காதீர்கள். காலில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். முதலில் கணுக்கால், முட்டி, தொடை என்று துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கவட்டில் இடைவெளி இல்லாமல் உட்கார வைக்க வேண்டும். கவடு இறங்கி நின்றால் தோளில் இழுக்கும், முதுகில் பை விழும். நகத்தால் கிள்ளி இழுக்கக் கூடாது, விரல் வயிற்றால்தான் இழுக்க வேண்டும். போட்டபின் குந்தி எழுந்து, கையைத் தலைக்கு மேல் தூக்கி, ஆழ மூச்சு இழுத்துப் பார்த்தேன். தரையில் ‘கொஞ்சம் அதிகமாகவே இறுக்குது’ என்று தோன்றினால் தண்ணீரில் சரியாக இருக்கும். தரையிலேயே சுகமாக இருக்கிற சூட் தண்ணீரில் தொளதொளத்துவிடும். ஆனால் நெஞ்சு விரிய முடியாமல் மூச்சு பாதியில் நின்றால் அது இறுக்கம் இல்லை, ஆபத்து.

நம் ஆட்களுக்கு ஒரு தனிப் பாடு உண்டு. இந்த சூட்டுகளின் அளவு பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள் உடம்பை வைத்துத்தான். எனக்கு வயிற்றுக்கும் நெஞ்சுக்கும் லார்ஜ், காலுக்கும் கைக்கும் மீடியம். ‘லார்ஜ் ஷார்ட்’ என்று குட்டையானவர்களுக்கான அளவு தனியாக உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அது பொருந்தியது. அதுவும் பொருந்தாதவர்கள் அளவெடுத்துத் தைப்பவரிடம் போவதே நல்லது. விலை கூடத்தான், ஆனால் இரண்டு தப்பான சூட்டின் விலையைவிடக் குறைவு. இதை நான் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.

நான் எடுத்தது செமி-ட்ரை வகை. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம், நனையும். மணிக்கட்டிலும் கணுக்காலிலும் கழுத்திலும் வழுவழுப்பான ரப்பர் பட்டை உள்பக்கமாகத் தோலோடு ஒட்டி நிற்கும். ஜிப்பும் இறுக்கமானது. தண்ணீர் உள்ளே வருவது சொட்டுக் கணக்கில்தான்.

இனி ஹூட். என்னைக் கேட்டால் சூட்டுக்கு முன்னால் இதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். சூட்டை அரைநாள் தேடுகிறவர்கள் ஹூட்டைக் கடைசி நிமிடத்தில் கூடைக்குள் போடுகிறார்கள். உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகப் போகிறது என்று எல்லோரும் சொல்வார்கள், அது கட்டுக்கதை. 2008ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு மருத்துவர்கள் அதை உடைத்து எழுதினார்கள். உடம்பின் மற்றப் பகுதி போலத்தான் தலையும், அதன் பரப்புக்கு ஏற்ற அளவுதான் போகும். ஆனால் 7 மில்லிமீட்டரால் எல்லாவற்றையும் மூடிவிட்டுத் தலையை மட்டும் திறந்து வைத்தால், திறந்த கதவு அது ஒன்றுதானே. குளிரில் விரல்களின் ரத்தக்குழாய் சுருங்குவது போல உச்சந்தலையில் சுருங்குவதும் இல்லை. போதாததற்கு அந்த நெற்றி வலி.

கழுத்தோடு முடிகிற ஹூட் வேண்டாம். அதன் விளிம்பும் சூட்டின் காலரும் சந்திக்கிற இடம்தான் என் முதுகுக்கு வாய்க்கால் வெட்டிய இடம். தோள் வரை அகலமாக விரிகிற அடிப்பாகம் உள்ள ஹூட்டை வாங்கி, அந்த விரிப்பைச் சூட்டின் கழுத்துக்குள்ளே சுருக்கமில்லாமல் திணியுங்கள். முகத்தைச் சுற்றி விளிம்பு வழுவழுப்பாகத் தோலில் ஒட்ட வேண்டும். அணியும் வரிசை: முதலில் ஹூட், பிறகு மாஸ்க்கைப் போட்டு, ஹூட்டின் விளிம்பை மாஸ்க்கின் பாவாடைக்கு மேலாக இழுத்து விடுவது. பாவாடை தோலில்தான் உட்கார வேண்டும், ரப்பரிலோ முடியிலோ அல்ல. உச்சியில் காற்று வெளியேற ஒரு துளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் விடுகிற மூச்சு உள்ளே சேர்ந்து ஹூட் கொண்டை போல நிமிரும்.

கழுத்து இறுக்கத்தில் மட்டும் வீரம் காட்டக் கூடாது. கழுத்தின் இரு பக்கமும் ஓடுகிற பெரிய ரத்தக்குழாயை அழுத்தினால் இதயத் துடிப்பு குறையும், தலை கிறங்கும். போட்டபின் எச்சில் விழுங்கிப் பாருங்கள், தலையை இரு பக்கமும் திருப்பிப் பாருங்கள், ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். முகத்தில் ரத்தம் கட்டுவது போலவோ மயக்கம் போலவோ இருந்தால் அந்த ஹூட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காது குத்தியதற்குக் காரணத்தையும் கடைக்காரர்தான் சொன்னார். ஹூட் காதுத் துளையை அடைத்து, வெளிக்காதில் கொஞ்சம் காற்றைச் சிறை வைத்துவிட்டது. ஆழம் போகப் போக அந்தக் காற்று சுருங்கி, செவிப்பறையை வெளிப்பக்கம் இழுத்தது. மூக்கைப் பிடித்து ஊதினால் செவிப்பறை இன்னும் வெளியே தள்ளப்படும், அதனால்தான் வலி கூடியது. வைத்தியம் எளிது: இறங்குவதற்கு முன்னால் ஹூட்டின் ஓரத்தை விரலால் இழுத்து இரண்டு காதுக்கும் தண்ணீர் விடுவது. இரண்டுக்கும் ஒன்றாக விட வேண்டும். ஒரு காதில் மட்டும் குளிர்ந்த தண்ணீர் பாய்ந்தால் கடலே ராட்டினம் சுற்றும். காதுக்கு நேரே சூடான ஊசியால் இரண்டு சின்னத் துளை போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. நான் போட்டுக்கொண்டேன்.

எடை பற்றியும் சொல்லிவிடுகிறேன். குமிழ் நிறைந்த துணி மிதக்கும். கோவளத்தில் 3 மில்லிமீட்டருக்கு 4 கிலோ ஈயம் கட்டுகிற நான், கில்லரியில் ஸ்டீல் சிலிண்டரோடும் 10 கிலோ கட்டினேன். ஆழத்தில் குமிழ்கள் அமுங்கும். 10 மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு, 20ல் மூன்று மடங்கு. துணி மெலியும், மிதப்பும் குறையும், குளிரும் கூடும். மேலே சரியாக இருந்த எடை கீழே கல்லாகத் தொங்கும். அதற்காக எடையைக் குறைத்தால் ஏறி வரும்போது கடைசியில் சற்று நிற்க வேண்டிய 3 மீட்டரில் நிற்க முடியாமல் மேலே துள்ளிவிடுவீர்கள். சிலிண்டரில் 50 பார் அழுத்தத்துக்குக் காற்று மீதம் இருக்கும்போது அந்த ஆழத்தில் நிலையாக நிற்க முடிகிறதா என்று சோதித்து எடையை முடிவு செய்யுங்கள்.

புது சூட், புது ஹூட்டோடு மூன்று நாள் கழித்து அதே இடத்தில், அதே 14 டிகிரியில் 46 நிமிடம் இருந்தேன். குளிரே இல்லை என்று சொல்ல மாட்டேன். உதடு மரத்தது, முப்பதாவது நிமிடத்துக்குப் பிறகு விரல் நுனி கடுத்தது. ஆனால் முதுகு காய்ந்த கட்டிலில் படுத்தது போல அமைதியாக இருந்தது. ஓட்டைப் பாறையில் ஒளிந்திருந்த இறாலைப் பொறுமையாகப் பார்க்க முடிந்தது.

ஊருக்கு வந்தபின் பெரிய எதிரி பூஞ்சை. நல்ல தண்ணீரில் அலசி, அகலத் தோள் உள்ள ஹேங்கரில், நிழலில், உள்பக்கம் வெளியே வருமாறு தொங்கவிடுகிறேன். வெயில் நியோப்ரீனை விறைக்க வைக்கும், மடித்து வைத்தால் மடிப்பிலேயே குமிழ் செத்துவிடும். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை எடுத்து ஃபேன் காற்றில் விடுவேன். 7 மில்லிமீட்டருக்கு இங்கே வேலை இல்லை. ஆனால் அகல ஹூட்டை 3 மில்லிமீட்டர் சூட்டோடு சேர்த்து, செப்டம்பர் குளிரில் கோவளத்தில் போடுகிறேன். அதே 22 டிகிரி, இப்போது ஐம்பது நிமிடம் சாதாரணம்.

பழைய 3 மில்லிமீட்டர் ஹூட்டை மாமாவிடம் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். “குளிரு இல்ல, நேருதான். ஆனா தலை மட்டும் மேலே போவுது, வள்ளத்துக்க சத்தமும் கேக்கல்ல. முங்கி வரும்போ மேல வள்ளம் நின்னா மண்டை போச்சு” என்றார். எனக்கு அது தோன்றவே இல்லை. சிலிண்டரோடு போகிற நாங்கள் மிதவையும் கொடியும் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறுகிறோம். ஒற்றை மூச்சில் போகிறவருக்குக் காதுதான் காவல். தலை மிதப்புக்கு இடுப்பில் அரைக்கிலோ ஈயம் சேர்த்துக் கட்டச் சொன்னேன். காதுக்கு என்னுடைய ஊசித்துளைகளைக் காட்டினேன்.

பார்த்துவிட்டு, “இது கொசு கடிச்ச பாடு மாதிரி இருக்கு” என்றார். அடுப்பில் கம்பியைக் காய்ச்சி, பக்கத்துக்கு மூன்றாகச் சுண்டுவிரல் தடிமனில் துளை போட்டார். அடுக்களை முழுக்க ரப்பர் நாற்றம், அத்தை திட்டித் தீர்த்துவிட்டாள். இப்போது அது அவர் வலைப்பையோடு கொடியில் தொங்குகிறது.